சலியூட்டரி எண்டால் நன்மையோ, படிப்பினையோ?

வட்டக்கச்சிக்காரி:
வணக்கம். கிளிநொச்சியில ஒரு நீர்ப்பாசன அறிக்கையின்ர தமிழாக்கத்தைச் சரிபார்க்கிற வேலை எனக்கு வந்திருக்கு. அதில ஒரு வசனம்: வறட்சி, இரணைமடுக் குளத்துக் கமக்காரரின்ர தண்ணிப் பாவனையில "சலியூட்டரி எஃபெக்ட்" (salutary effect) ஒண்டை உண்டாக்கினதாம். எனக்கு முதல் செய்தவர் "வறட்சி நன்மை பயத்தது" எண்டு எழுதியிருக்கிறார். அகராதியும் அப்பிடித்தான் சொல்லுது. ஆனால் சிறுபோகம், அதான் கோடைகால நெல்லு, கருகின சனத்துக்கு முன்னால இதை எப்பிடி வாசிக்கிறது? இந்தச் சொல்லின்ர சரியான கருத்தென்ன, எங்கயிருந்து வந்தது?

பனிநாட்டான்:
சல்யூட் அடிக்கிறமே, அதே குடும்பம்தான். சலரி, அதான் சம்பளம், அதுவும் இதில வந்ததுதான். எல்லாம் நல்ல விசயங்கள்.

முள்ளியவளை மாஸ்டர்:
தம்பி சொன்னதில பாதி சரி. சல்யூட் சொந்தம். சம்பளம் சொந்தமில்லை, அது லத்தீனில உப்பைக் குறிக்கிற "சால்" வழி வந்தது.

பிள்ளை, உம்மட சொல்லின்ர தாய் "சாலூஸ்". சுகம், சேமம் எண்டு கருத்து. உரோமர் அந்தப் பேரில ஒரு பெண்தெய்வத்தையே கும்பிட்டவை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு முடியிற நேரம் குயிரினால் குன்றில கோயிலும் கட்டினவை. ஆளைக் கண்டு "சுகமாய் இரும்" எண்டு வாழ்த்திறது "சலூத்தாரே". அதுதான் பட்டாளத்துச் சல்யூட்டில வந்து நிக்குது. சுகத்தைத் தாறது "சலூத்தாரிஸ்". பிரெஞ்சு வழியாய் 15ஆம் நூற்றாண்டின்ர கடைசியில ஆங்கிலத்துக்குள்ள வந்தது. அழுத்தம் முதல் அசையில. சானிட்டரியோட குழப்பாதையும், அது வேற வேர். (நான் படிப்பிச்ச வகுப்புகளில அரைவாசிப் பேர் இரண்டையும் மாறித்தான் எழுதுவினம்.)

இன்னும் கீழ தோண்டினால் சமஸ்கிருதத்துச் "சர்வ" வரும். குறையில்லாமல் முழுசாய் இருக்கிறது எண்ட ஒரே பழைய வேரில இரண்டும் முளைச்சதெண்டு மொழியியலாளர் சொல்லுகினம். ஆகவே எங்கட சர்வேஸ்வரனுக்கும் இந்த அறிக்கைக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கு!

இனிக் கருத்துக்கு வாறன். முந்தி மருந்துக்கும் காத்துக்கும் தண்ணிக்கும் இந்தச் சொல்லைப் போட்டவை. இப்ப ஒரு இடம் உடம்புக்குச் சுகமானதெண்டு சொல்ல "சலூப்ரியஸ்" எண்ட இன்னொரு சொல்லு இருக்கு, அதுவும் சாலூசின்ர இனம்தான். வெள்ளைக்கார அதிகாரிமார் வன்னிக்கு அதை மறந்தும் பாவிச்சிருக்கமாட்டினம். மலேரியா அந்தப் பாடு படுத்தினது. மாங்குளத்துக்கு மாற்றம் எண்டால் உத்தியோகத்தர் வீட்டில ஒப்பாரிதான். 2016இல உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்சிட்டுது, இப்ப தாராளமாய்ப் போடலாம்.

சலியூட்டரி இப்ப ஆரோட கூடித் திரியுது எண்டு பாரும்: லெசன், வோர்னிங், ரிமைண்டர், ஷொக். நல்ல விளைச்சலுக்கு ஒருத்தரும் இதைப் போடாயினம். நடந்தது கசக்கவேணும், பிறகு அதால ஒரு சுகமோ புத்தியோ வரவேணும், மலேரியாவுக்குக் குடிக்கிற கொயினா மருந்து மாதிரி. அகராதி பின்பாதியை மட்டும் தந்திட்டுது, கசப்பை விட்டிட்டுது. அதாலதான் தமிழில வறட்சியைப் புகழுற மாதிரிக் கேக்குது.

வசனத்தை உடைச்சு எழுதும்: "வறட்சியில் பட்டறிந்த கமக்காரர் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்கினர்." ஒரு சொல்லுத்தான் வேணுமெண்டால், படிப்பினை.

வட்டக்கச்சிக்காரி:
நன்றி சேர். அப்ப பெனிஃபிஷலும் இதுவும் ஒண்டில்லை எண்டுறியள்?

முள்ளியவளை மாஸ்டர்:
வயலுக்கு மாட்டெரு பெனிஃபிஷல். உரவிலை ஏறினதால ஒருத்தர் மாட்டெருவுக்குத் திரும்பி, அவற்ர மண்ணும் தேறினால், அந்த விலையேற்றம் அவருக்குச் சலியூட்டரி. 2021இல இரசாயன உரத்துக்குத் தடை போட்டதும் சலியூட்டரியோ எண்டு என்னட்டக் கேளாதையும். அந்தச் சண்டைக்கு வேற திரி தொடங்கவேணும்.

பனிநாட்டான்:
சலரி விசயம் புதுசு மாஸ்டர். அப்ப உப்பும் சம்பளமும்தான் சொந்தம், சுகமும் சம்பளமும் இல்லை. இங்க வேலைக்குப் போறவனுக்கு அது விளங்கும்.

ஒண்டரை ஏக்கர்:
மாஸ்டரின்ர விளக்கம் வடிவு. ஆனால் வசனமே பிழை. சிறுபோகத்துக்கு நாங்கள் சிக்கனமாய்த் தண்ணி கட்டினது பட்டறிஞ்சு இல்லை, குளத்தில தண்ணி இல்லாமல். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில இருக்கிற தண்ணிக்கு இவ்வளவு ஏக்கர்தான் எண்டு முடிவாகும், பிறகு வாய்க்காலில முறை வைச்சுத்தான் விடுவினம். அடுத்த மாரிக்குக் கனகராயன் ஆறு பெருகிக் குளம் நிரம்பி வான் பாயட்டும், கடைசி வயல்காரன் தண்ணிக்கு நிக்க, முன்வயல்காரன் வரம்பு முட்டக் கட்டுறதை வந்து பாருங்கோ. என்ன படிப்பினை?

வட்டக்கச்சிக்காரி:
அண்ணை, சொல்லை நான் மாத்தலாம், தரவை மாத்தேலாது. அறிக்கை எழுதினவைக்கு உங்கட கேள்வியை அப்பிடியே அனுப்புறன். அவையின்ர பதில் வருமட்டும் "படிப்பினை"யைப் பென்சிலாலதான் எழுதி வைச்சிருக்கிறன்.