ஃபைபர் லைனில் ஃபேக்ஸ் பாதியில் கட் ஆகிறது, உதவுங்கள்

மதுரை சிம்மக்கல் ஆபீசில் பழைய செம்புக்கம்பி லைனை ஃபைபருக்கு மாற்றியதிலிருந்து ஃபேக்ஸ் தகராறு. முதல் பக்கம் போய்விடுகிறது. இரண்டாவதில் லைன் கட் ஆகி, 'கம்யூனிகேஷன் எரர்' என்று ரிப்போர்ட் வருகிறது. ஃபேக்ஸ் வேகத்தை நொடிக்கு 33600 பிட்டிலிருந்து 9600-க்குக் குறைத்தாயிற்று. ஸ்ப்ளிட்டர் கிடையாது, மோடத்தின் போன் போர்ட்டிலிருந்து நேராக மெஷினின் 'லைன்' போர்ட்டுக்குத்தான் வயர்.

சந்தேகம் கோடெக் (ஒலியை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் முறை) மேல்தான். ஜி.729 என்ற கோடெக் பேச்சுக்காக ஒலியைச் சுருக்குவது, ஃபேக்ஸ் சிக்னல் அதில் சிதைந்துவிடும். ஒலியை அப்படிச் சுருக்காத ஜி.711 கோடெக் அல்லது இன்டர்நெட் வழி ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறை வேண்டும். மோடத்தில் அந்த செட்டிங் பூட்டியிருக்கிறது.

மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கம் யாராவது கம்பெனியிடம் சொல்லி மாற்றியிருக்கிறீர்களா? புகாரில் என்ன எழுதினால் வேலை நடக்கும்? ஈ.சி.எம்.மை (பிழையாகப் போன பகுதியை மறுபடி அனுப்ப வைக்கும் வசதி) அணைத்தால் பக்கம் போய்ச் சேரலாம், ஆனால் வரிகள் விட்டுப்போகும். கணக்கு எண்கள் உள்ள தாளுக்கு அது ஆபத்து. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.