லண்டனில் எரிவாயு, மின்சார நிறுவனத்தை மாற்றுவது குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு எரிவாயு, மின்சார ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. கடைசி 49 நாட்களுக்குள் விலகினால் அபராதம் இல்லை என்பதால் இப்போதே வேறு நிறுவனத்துக்கு மாற எண்ணுகிறோம். நம் பயன்பாட்டைக் குறிப்பிடாவிட்டால் விலை ஒப்பீட்டு இணையதளங்கள் சராசரி வீட்டை வைத்தே ஆண்டுத் தொகையைக் காட்டுகின்றன. வயதான அப்பாவுக்காகக் குளிர்காலத்தில் பகல் முழுவதும் ஹீட்டர் ஓடும் எங்கள் வீட்டுக்கு அது சற்றும் பொருந்தாது. ஆகவே பழைய பில்களை எடுத்து, கன மீட்டரில் உள்ள எரிவாயு அளவைச் சுமார் 11ஆல் பெருக்கிக் கிலோவாட் மணியாக்கி, நானே கணக்கிட்டேன். ஒரு நிறுவனத்தில் யூனிட் விலை குறைவு, ஆனால் தினசரி நிலைக்கட்டணம் (பயன்படுத்தாவிட்டாலும் நாள்தோறும் கட்ட வேண்டிய தொகை) அதிகம், மற்றொன்றில் நேர்மாறு. எரிவாயு, மின்சாரம் அதிகம் பயன்படுத்தும் வீட்டுக்கு முன்னதே நல்லது என்று தோன்றுகிறது. பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நிர்ணயிக்கும் கட்டண உச்சவரம்பு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறும் நிலையில், ஓராண்டுக்கு விலையை உறுதிசெய்துகொள்வதா, அதற்கேற்ப மாறும் கட்டணத்துக்குப் போவதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.