ஜாங்கோ படிவத்தில் ஐபி முகவரி வரம்பைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

பாலக்காட்டு எல்லையில் உள்ள ஒரு பால் சங்கத்துக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய கொள்முதல் பதிவுச் செயலியைப் பராமரித்து வருகிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய மூன்று நிலையங்களும் விபிஎன் (இணையத்தின் மேல் அமைத்த தனிப்பட்ட இணைப்பு) வழியாக எங்கள் சர்வரோடு இணைகின்றன. அந்தந்த நிலையத்துக்கு உரிய முகவரி வரம்பிலிருந்து வரும் பதிவை மட்டுமே ஏற்க வேண்டும் என்பதால், அந்த வரம்பைச் சங்க ஊழியரே நிர்வாகப் பக்கத்தில் உள்ளிடும்படி அமைத்திருக்கிறேன்.

ஜாங்கோவின் ஜெனரிக் ஐபி அட்ரஸ் ஃபீல்டு தனி முகவரியைத்தான் ஏற்கிறது, 10.20.4.64/26 என்று (முதல் 26 பிட்டுகள் மாறாத, 64 முகவரிகள் கொண்ட வரம்பு) சாய்கோட்டுடன் எழுதினால் மறுத்துவிடுகிறது. ஆகவே நானே ஒரு ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் கோவை) எழுதினேன். புள்ளிகளுக்கு இடையிலான எண் 255ஐயும் சாய்கோட்டுக்குப் பின்வரும் எண் 32ஐயும் தாண்டக் கூடாது என்றாலும், அது 10.20.4.300/40 என்பதையும் சரியென்று விட்டதைக் கண்ட பிறகு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஊழியர்கள் தம் கணினியின் முகவரியைப் பார்த்து வரம்பின் முதல் முகவரிக்குப் பதிலாக 10.20.4.70/26 என்று எழுதிவிடுகிறார்கள். இதைத் திருப்பி அனுப்புவதா, நானே திருத்திச் சேமிப்பதா?

பதில் 1 (செங்கோட்டையிலிருந்து)

ரெகெக்ஸை விட்டுவிடுங்கள். பைத்தான் 3.3 முதல் ஐபிஅட்ரஸ் என்னும் தொகுதி மொழியோடே வருகிறது. அதிலுள்ள ஐபி_நெட்வொர்க்கிடம் உள்ளீட்டைக் கொடுத்து, வேல்யூ எரர் எழுந்தால் அதை வேலிடேஷன் எரராக மாற்றித் தரும் ஒரு சிறு வேலிடேட்டரே (உள்ளீட்டைச் சோதிக்கும் செயற்கூறு) போதும். 300, 40 போன்றவை அங்கேயே நின்றுவிடும்.

அது 10.20.4.64/255.255.255.192 என்ற வடிவத்தையும் ஏற்கும், அதுவும் /26தான். ஆகவே ஊழியர் எழுதிய எழுத்துகளை அப்படியே சேமிக்காமல், அந்தத் தொகுதி திருப்பித் தரும் வடிவத்தைச் சேமியுங்கள். இல்லையெனில் ஒரே வரம்பு இரண்டு வரிகளாகப் பதிவாகும்.

10.20.4.70/26 என்பதைப் பொறுத்தவரை, ஸ்ட்ரிக்ட் என்பதை (வரம்பின் முதல் முகவரியையே எழுத வேண்டும் என்னும் கண்டிப்பு) ஃபால்ஸ் ஆக்கினால் அதுவே 10.20.4.64/26 என்று மாற்றிக்கொள்ளும்.

பதில் 2 (குப்பத்திலிருந்து)

முன்னவர் சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. /26 என்று எழுத வந்த ஊழியர் 6ஐ விட்டு 10.20.4.64/2 என்று எழுதினால், ஸ்ட்ரிக்ட் இல்லாத நிலையில் அது ஓசையின்றி 0.0.0.0/2 ஆகிவிடும். அதாவது 0.0.0.0 முதல் 63.255.255.255 வரை, 107 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள், ஐபிவி4 (இத்தகைய நான்கு எண் முகவரி முறை) முழுவதிலும் கால் பங்கு. ஒரு எழுத்து விடுபட்டதற்குப் பூட்டையே கழற்றி வைத்தது போலாகும்.

ஸ்ட்ரிக்ட் இருக்கட்டும். பிழைச் செய்தியில் மட்டும், “நீங்கள் எழுதியது 10.20.4.64 முதல் 10.20.4.127 வரையிலான 64 முகவரிகளுக்குள் வருகிறது. அந்த வரம்பைத்தான் குறிப்பிடுகிறீர்களா?” என்று காட்டி, ஊழியரே மீண்டும் எழுதும்படி விடுங்கள். முதல் முகவரியையும் கடைசி முகவரியையும் கண்ணால் பார்த்தவர் தவறை உடனே கண்டுகொள்வார். 0.0.0.0/0 என்பது ஸ்ட்ரிக்டிலும் தேறிவிடும். ஆகவே /24க்குக் குறைந்த எண்ணைத் தனியே மறுத்துவிடுங்கள்.

பதில் 3 (பாறசாலையிலிருந்து)

நிலையங்களின் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பார்க்க வேண்டும். ஐபிஅட்ரஸ் தொகுதியிலுள்ள ஓவர்லாப்ஸ் என்னும் செயற்கூறு அதைச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் சேமித்தால் படிவத்தில் செய்யும் சோதனை இருவரையும் விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்தால் சிடர் வகைப் பத்தியில் (முகவரி வரம்பைச் சேமிக்கும் வகை) எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒன்றோடொன்று மோதும் வரிகளைச் சேர்க்க விடாத விதி) ஒன்றை வையுங்கள், தரவுத்தளமே தடுத்துவிடும். 10.20.4.70/26 போன்றவற்றையும் சிடர் வகை தானாகவே மறுக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வேலிடேட்டரை மாற்றி எழுதி, பழைய பதிவுகளை அதன் வழியே ஓட்டிப் பார்த்தேன். மீனாட்சிபுரத்தின் வரம்பு /16 என்று இருந்தது. வேலந்தாவளத்தின் வரம்பு முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. இன்று மாலை மீனாட்சிபுரம் நிலையத்தாரிடம் கேட்டு, கன்ஸ்ட்ரெயின்டைச் சேர்க்கும் முன் அதைத் திருத்தப் போகிறேன்.