குழுவுக்கு 30 பேர் போதுமா?

வினா

வணக்கம். நான் சமுதாய மருத்துவத்தில் முதுநிலை மாணவி. வளரிளம் பெண்களுக்கு வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடன் கொடுத்தால் ஹீமோகுளோபின் கூடுதலாக உயருமா என்று ஒரு மாணவியர் விடுதியில் ஆய்வு செய்யவிருக்கிறேன். குழுவுக்கு 30 பேர் போதும் என்பது எங்கள் துறையில் வழக்கம். ஏன் 30 என்று நெறிமுறைக் குழு கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முன்னோட்ட அளவீட்டில் ஹீமோகுளோபினின் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பது) டெசிலிட்டருக்கு 1.5 கிராம் வந்தது.

மறுமொழி 1

எவ்வளவு உயர்ந்தால் அது அந்தப் பெண்ணுக்குப் பயன் என்று கருதுகிறீர்கள்? அதை எந்த மென்பொருளும் சொல்லாது. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 0.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பை, அதாவது முக்கியத்துவ மட்டத்தை, 5 விழுக்காடு என்று கொண்டால் அதற்கு 1.96, உண்மையில் உள்ள வேறுபாடு ஆய்வில் புலப்படும் வாய்ப்பு, அதாவது பவர் எனப்படும் புள்ளியியல் திறன், 80 விழுக்காடு என்றால் அதற்கு 0.84, இரண்டையும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 7.84. அதை 2-ஆலும் திட்ட விலக்கத்தின் வர்க்கமான 2.25-ஆலும் பெருக்கி, வேறுபாட்டின் வர்க்கமான 0.25-ஆல் வகுத்தால் 141.12, அதாவது குழுவுக்கு 142 பேர். வேறுபாடு 1 கிராம் என்றால் 36 பேர் போதும்.

30 பேரோடு நிறுத்தினால், 0.5 கிராம் வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும் அது உங்கள் ஆய்வில் புலப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடுதான். எலுமிச்சையால் பயனில்லை என்று எழுத நேரும். அதற்காக 60 பெண்கள் இருமுறை ஊசி குத்திக்கொண்டிருப்பார்கள்.

வினா கேட்டவர்

மிக்க நன்றி. ஆனால் விடுதியில் மொத்தம் 200 மாணவியரே இருக்கிறார்கள். வேறுபாட்டை 1 கிராம் என்று மாற்றிவிடலாமா?

மறுமொழி 2

வேண்டாம் அம்மா. கிடைக்கும் ஆட்களுக்கு ஏற்ப வேறுபாட்டைப் பெரிதாக்குவது விடையை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவது. தொடக்க ஹீமோகுளோபினையும் பகுப்பாய்வில் சேருங்கள். தொடக்க அளவுக்கும் இறுதி அளவுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு இணைந்து செல்கின்றன என்ற அளவு) 0.7 என்றால், அதன் வர்க்கமான 0.49-ஐ 1-இலிருந்து கழித்து 141.12-ஐப் பெருக்க, தேவை 72-ஆகக் குறையும். பத்தில் ஒருவர் இடையில் விலகுவார் என்று கொண்டால் குழுவுக்கு 80, மொத்தம் 160. உங்கள் விடுதிக்குள் அடங்கும். ஒட்டுறவு 0.5 மட்டுமே என்றால் மொத்தம் 236 பேர் வேண்டும். அப்போது இன்னொரு விடுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்குச் சாறு என்பதை அறைவாரியாகப் பிரிக்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அறைவாரியாகப் பிரித்தால் இந்தக் கணக்கு செல்லாது, கூடுதல் ஆட்கள் தேவைப்படுவார்கள். மாத்திரை தரும் நாளில் இரு குழுவினரையும் வெவ்வேறு பந்தியில் அமர்த்துங்கள்; பக்கத்தில் இருப்பவளுக்குச் சாற்றில் பாதி கொடுக்காத பிள்ளைகள் அரிது.