எடை மெஷின் மகளின் அறைக்குப் போன கதை: உங்கள் வீட்டில் எப்படி?

மகளுக்கு 14 வயது. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று ஒரு அமெரிக்க டிவி போட்டி: பருமனானவர்களில் யார் அதிக எடை குறைக்கிறார் என்று பார்ப்பார்கள், குறைவாகக் குறைத்தவர் வெளியேற வேண்டியிருக்கும். அதன் பழைய சீசன்களை, உடற்பயிற்சி நிகழ்ச்சிதானே என்று நானேதான் போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் பார்த்தால், வீட்டு எடை மெஷின் அவள் அறையில் இருக்கிறது. காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு தடவை. “இந்த வாரம் அரை கிலோதான்பா, நான் எலிமினேட்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறைக்க அவளிடம் எடையும் இல்லை.

தடை போட்டால் போனில் பார்ப்பாள். அதனால் போட்டி முடிந்தபின் அவர்களுக்கு என்ன ஆனது என்று இருவருமாகத் தேடினோம். 2009-இல் வந்த எட்டாவது சீசனின் 14 பேரை, ஆறு வருடம் கழித்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் மறுபடி பரிசோதித்திருக்கிறார்கள். முடிவு 2016-இல் வெளியானது. 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி, இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்து அப்படியே நின்றுவிட்டதாம். “அப்போ ஜெயிச்சவர்?” என்று கேட்டாள். அவரும் அந்த 13-இல் ஒருவர்தான்.

– ஒரு அப்பா

*

நான் உடற்கல்வி ஆசிரியர். எல்லா நிகழ்ச்சியையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் சார். 2023-இல் ‘பிசிக்கல்: 100’ என்ற கொரிய உடல்வலிமைப் போட்டி நிகழ்ச்சி வந்த புதிதில், அதில் வருவதுபோலக் கம்பியில் யார் அதிக நேரம் தொங்குவது என்று பையன்கள் இடைவேளையில் வரிசை கட்டினார்கள். உள்ளங்கை உரிந்து ஒருவன் வந்தான், அவ்வளவுதான். யாரும் யாருடைய எடையையும் கேட்கவில்லை. கை எப்படிப் பிடிக்கிறது, தோள் ஏன் முதலில் களைக்கிறது என்றுதான் பேச்சு. எனக்குப் பாடம் நடத்த வசதியாகப் போயிற்று.

ஆனால் அதில் போட்டியாளர்களின் மார்பளவுச் சிலை இருக்கும். தோற்றவர் தன் சிலையைத் தானே சுத்தியலால் உடைக்க வேண்டும். அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு, 15 வயதுப் பையன் ஒருவன் எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம் என்று தனியாக வந்து கேட்டான். பெண்பிள்ளைகளுக்கு எடை என்றால், இவர்களுக்கு மார்பும் தோளும்.

இன்னொன்று. 2013-இல் ‘பிக்கஸ்ட் லூசர்’ பதின்ம வயதினர் மூவரைச் சேர்த்தபோது, அவர்களை எலிமினேட் செய்வதில்லை என்று நடத்தியவர்களே வைத்துக்கொண்டார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு யார் அந்தச் சலுகை கொடுப்பது?

– மைதானத்துக்காரர்

*

மேலே அப்பா எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. 2014-இல் எனக்கு 15. ‘பிக்கஸ்ட் லூசர்’ பதினைந்தாவது சீசன் இறுதிப் போட்டி. வென்ற பெண் சுமார் 118 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு வந்து நின்றார். பயிற்சியாளர்கள் முகமே மாறிப்போனது கேமராவில் தெரிந்தது. அளவுக்கு மீறி மெலிந்துவிட்டாரே என்று உலகமே பேசியது. என் அம்மா மட்டும், “பார்த்தியா, மனசு வெச்சா முடியும்” என்றார்.

நிகழ்ச்சியில் எனக்குப் பாதி மறந்துவிட்டது. அந்த வாக்கியம் மறக்கவில்லை. அடுத்த ஒரு வருடம் மதியச் சாப்பாட்டைத் தோழியிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டரிடம்தான் போய் நின்றோம். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் அது ஊக்கமாகத்தான் பட்டிருக்கும். சார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்களே, அது சரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்கிறோம் என்பதும் இருக்கிறதல்லவா?

– அப்போது 15

*

‘அப்போது 15’ என்று எழுதியவருக்கு நன்றி. நானும் ஒன்றிரண்டு தடவை “சூப்பர், எவ்வளவு குறைச்சிருக்காங்க பாரு” என்று சொன்னவன்தான். இப்போதுதான் உறைக்கிறது. இப்போது ‘அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்’ என்ற தடை தாண்டும் போட்டியைப் பார்க்கிறோம். வளைந்த சுவரில் யாராவது வழுக்கினால் இரண்டு பேரும் கத்துகிறோம். மெஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பேட்டரியை நான் கழற்றி வைத்திருக்கிறேன். அவள் இதுவரை கேட்கவில்லை.

– அதே அப்பா