பாசிட்டிவ் என்றால் நல்லதா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு

என் அக்கா முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது எடுத்த பரிசோதனையில் அவளுடைய இரத்த வகை பி நெகடிவ் என்று வந்தது. அன்று முதல் அம்மா சரியாக உறங்கவில்லை. நல்லதை நினைப்பதைப் பாசிட்டிவ் என்றும் கெட்டதைப் பேசுவதை நெகடிவ் என்றும் கேட்டுப் பழகியவருக்கு, மகளின் இரத்தமே நெகடிவ் என்பது அவள் உடம்பில் ஏதோ குறை இருப்பதாகச் சொல்வது போலவே பட்டது. “நான் அவளைச் சரியாக வளர்க்கவில்லையா?” என்று அவர் என்னிடம் கேட்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை சென்றபோது செவிலியர் ஒருவர் அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். சிவப்பணுவின் மேற்பரப்பில் டி என்ற ஆன்டிஜன், அதாவது ஒரு வகைப் புரதம், இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகடிவ். இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஆனால் தாயிடம் இல்லாத அந்தப் பொருள் குழந்தையிடம் இருந்து, குழந்தையின் இரத்தம் தாயின் இரத்தத்தோடு கலக்க நேர்ந்தால், தாயின் உடல் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். பெரும்பாலும் முதல் குழந்தைக்கு ஊறு நேராவிட்டாலும் அடுத்த குழந்தையின் சிவப்பணுக்கள் அந்த எதிர்ப்பால் சிதையக்கூடும். அதைத் தடுக்கவே ஏறத்தாழ 28ஆம் வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பேற்றுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள். எனவே அம்மா நெகடிவ் என்ற சொல்லுக்கு அஞ்சிக்கொண்டிருக்க, நாங்கள் கவனிக்க வேண்டியிருந்ததோ குழந்தை பாசிட்டிவாக இருக்கக்கூடும் என்பதை.

இந்த ஒரு சொல் உங்களில் யாரை எங்கே தடுமாற வைத்தது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி

நான் மொழிபெயர்ப்பாளர். துருவப் பகுதிகளின் பனி உருகுவதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் பாசிட்டிவ் ஃபீட்பேக் என்ற தொடர் வந்தது. அதனை ‘நல்ல வரவேற்பு’ என்ற பொருள்பட மொழிபெயர்த்து அனுப்பியும் விட்டேன். பனி உருகுவதற்கு யார் வரவேற்பு அளிப்பார்கள் என்ற ஐயம் இரவில்தான் எழுந்தது. தேடிப் படித்தபோது செய்தி நேர்மாறாக இருந்தது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அது உருகினால் அடியிலிருக்கும் கருநிறக் கடல்நீர் வெளிப்பட்டு வெப்பத்தை உள்வாங்குகிறது. அந்த வெப்பம் மேலும் பனியை உருக்குகிறது. விளைவே காரணத்துக்கு வலுவூட்டி, ஒரு மாற்றம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதைத்தான் அத்தொடர் குறிக்கிறது. ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுசென்றால் எழும் கூச்சலும் இந்த வகையைச் சேர்ந்ததே. நேர்ப் பின்னூட்டம் என்று திருத்தினேன். பின்னூட்டம் என்றால் வாசகர் கருத்து என்றே நம்மில் பலர் பழகியிருப்பதால், ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்தேன். திருத்தம் அச்சுக்கு முன் சென்று சேர்ந்ததற்காக இன்றளவும் நிம்மதி கொள்கிறேன்.

மறுமொழி

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மின்கலத்தின் கூட்டல் குறியைப் பார்த்து, எலக்ட்ரான்கள் அங்கிருந்துதானே புறப்பட வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். 1740களின் இறுதியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்னைப் பாய்மம் போலக் கருதி, அது மிகுந்திருப்பதைப் பாசிட்டிவ் என்றும் குறைந்திருப்பதை நெகடிவ் என்றும் அழைத்தார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோதோ, கம்பியில் ஓடும் அந்தத் துகள் நெகடிவ் பக்கத்தில் அமைந்துவிட்டது. பெயர்கள் மாற்றப்படவில்லை. மின்னோட்டத்தின் திசையை ஒரு புறமும் எலக்ட்ரான் செல்லும் திசையை எதிர்ப்புறமும் இன்றும் வரைகிறோம். இங்கே பாசிட்டிவ் என்பது வெறும் அடையாளம்.

இத்தனை பொருள்களுக்கும் வேர் ஒன்றே: ‘வைத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. வைக்கப்பட்டது, நிலைநாட்டப்பட்டது என்பதே பழம்பொருள். மனிதர் இயற்றி நிலைநாட்டிய சட்டத்தை ஆங்கிலத்தில் பாசிட்டிவ் லா என்பதும், ‘ஐ ஆம் பாசிட்டிவ்’ என்றால் ‘உறுதியாகச் சொல்கிறேன்’ என்று பொருள்படுவதும் அதனால்தான். நல்லது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் அந்தக் கடைசிப் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

முதல் பதிவை எழுதியவர்

ஐயா சொன்ன வேர்ப்பொருள் எனக்குப் புதிது, மிக்க நன்றி. ‘வைக்கப்பட்டது’ என்று எடுத்துக்கொண்டால் பரிசோதனை முடிவும் எளிதாகப் புரிகிறது: தேடிய பொருள் அங்கே இருக்கிறது என்பதற்கு மேல் அச்சொல் ஏதும் சொல்வதில்லை. தேடியது நோயா, கருவா என்பதைப் பொறுத்தே மகிழ்வதும் கலங்குவதும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அப்பாவுக்குப் புற்றுநோய்க் கட்டி ஒன்றை அகற்றினார்கள். வெட்டியெடுத்த பகுதியின் ஓரங்கள் நெகடிவ் என்று அறிக்கையில் இருந்தது. எப்படி விளக்குவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டார்: “எதைத் தேடினார்கள்?” புற்றுநோய்ச் செல்களை என்றேன். “ஓரத்தில் இல்லை என்கிறார்கள், அவ்வளவுதானே?” என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் சொல்ல எழுந்து போனார்.