சர்கட் ரோலை வீட்டில் கழுவ எது சரி: ட்ரேயா, டிரம்மா?

நெகட்டிவ்பித்தன்:
சர்கட் கேமரா (தானே சுற்றிக்கொண்டே நீளமான அகலப் படம் எடுக்கும் பழைய கேமரா) ரோலை டிரம்மில், அதாவது பிலிமைச் சுற்றிக் கெமிக்கலில் உருட்டும் உருளையில்தான் கழுவ வேண்டும் என்று பழையலென்ஸ் அடித்துச் சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. 10½ அங்குல லென்ஸோடு கேமரா முழு வட்டம் சுற்றினால் பிலிம் 66 அங்குலம் ஓடும் (குவிய நீளத்தை 6.28-ஆல் பெருக்கினால் போதும்). ஐந்தரை அடி. இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி, ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு ட்ரேயில் ஏற்றி இறக்கலாம். எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) பக்கம் மேலே இருந்தால் ட்ரேயின் அடியில் உரசாது. இதற்கு எதற்கு டிரம்?

பழையலென்ஸ்:
அண்ணா, ஐந்தரை அடியோடு நிறுத்துபவருக்குச் சரி. லென்ஸின் ஒரு பாதியைக் கழற்றி 18 அங்குலமாக்கினால் முழு வட்டத்துக்கு ஒன்பதடிக்கு மேல். 24 என்றால் பன்னிரண்டரை அடி. கையை எங்கே தூக்குவீர்கள்?

இன்னொன்று. 1904-இல் இந்தக் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் படலாம், பார்த்துக்கொண்டே கழுவினார்கள். இப்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்பதரை அங்குல விமானப் படப் பிலிம். பான்க்ரோமாட்டிக், அதாவது சிவப்பு உட்பட எல்லா நிற வெளிச்சமும் அதில் பதியும். கும்மிருட்டில் தடவித் தடவி ஊஞ்சலாட்ட வேண்டும். டிரம்மில் சுற்றிவிட்டால் கைப்பிடியைச் சுற்றுவதுதான் வேலை, கெமிக்கலும் கொஞ்சம் போதும்.

நெகட்டிவ்பித்தன்:
கொஞ்சம் போதும் என்பதுதான் சிக்கலே தம்பி. டிரம்மின் அடிப்பகுதி மட்டும்தான் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கலில்) நனைகிறது, மீதிப் பிலிம் காற்றில். டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் காற்று பட்டால் சீக்கிரம் கெடும், நெகட்டிவில் மூட்டம் (படமில்லாத இடத்திலும் கருமை) ஏறும். நீளமான ரோலையும் ட்ரேயிலேயே ஒரு கையில் சுருட்டி மறு கையில் விரித்துக் கழுவலாமே.

பழையலென்ஸ்:
மூட்டம் படம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் விழும், பிரிண்டில் சமாளிக்கலாம். சுருட்டி விரிக்கும்போது கை ஓர் இடத்தில் தயங்கினால் வானத்தில் பட்டை விழும். அதற்கு என்ன செய்வீர்கள்?

குளியலறைஸ்டுடியோ:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாப் பட்டையையும் கழுவுகிறவர் தலையில் கட்டாதீர்கள். சர்கட்டில் பிலிம் ஒரு குறுகிய பிளவுக்குப் பின்னால் ஓடுகிறது. பழைய பல்சக்கரம் ஒரு கணம் திணறினாலும் அந்த இடம் கூடுதல் வெளிச்சம் வாங்கிவிடும். நெகட்டிவில் கருப்பு, பிரிண்டில் வெளுப்பு. லைட் பாக்ஸில் வைத்து லூப்பில் (உருப்பெருக்கியில்) பாருங்கள்: கேமரா போட்ட பட்டை மேலிருந்து கீழ்வரை நேர்கோடு, ஓரமும் கூர்மை. கழுவலில் வந்ததற்கு ஓரம் கலைந்திருக்கும், அகலம் ஏறி இறங்கும். கழுவலில்தான் கோளாறு என்றால் இரண்டு குளியல் முறைக்குப் போங்கள். முதல் குளியலில் எமல்ஷன் டெவலப்பரை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டாவதில் உள்ள காரக் கரைசல் (ஆல்கலி) அதை வேலை செய்யவைக்கும். உறிஞ்சியது தீர்ந்ததும் வேலை தானாக நிற்கும், நேரம் முன்னேபின்னே ஆனாலும் பரவாயில்லை. ட்ரேயா டிரம்மா என்ற சண்டையே வேண்டாம்.

நெகட்டிவ்பித்தன்:
கேட்க நன்றாக இருக்கிறது. இன்றைய மெல்லிய எமல்ஷன் எவ்வளவு உறிஞ்சும்? கான்ட்ராஸ்ட் (வெளுப்புக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு) படுத்துவிடும். இரண்டாம் குளியலில் கொஞ்சம் அதிகமாக ஆட்டினால் உள்ளே இருந்ததும் கரைந்து போய்விடும்.

குளியலறைஸ்டுடியோ:
அதனால்தான் அதில் மெதுவாக ஆட்டச் சொல்வது. மேகமூட்ட நாளில் எடுத்ததற்கு இது சரிவராது, அதை ஒப்புக்கொள்கிறேன். உச்சிவெயிலில் வரிசையாக நிற்கவைத்து எடுத்த கூட்டப் படமென்றால் கான்ட்ராஸ்ட் குறைவது நல்லதுதான்.

பழையலென்ஸ்:
அப்படியென்றால் வெயில் ரோலுக்கு இரண்டு குளியல், அதையும் டிரம்மிலேயே செய்வேன். அண்ணா, நீங்கள் ட்ரேயை விடப் போவதில்லை என்று தெரியும். பன்னிரண்டடி ரோலைக் கழுவினால் வானப் பகுதியை மட்டும் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள்.

நெகட்டிவ்பித்தன்:
போடுகிறேன். நீங்களும் உங்கள் டிரம் நெகட்டிவின் வெற்று ஓரத்தைப் போடுங்கள், மூட்டம் எவ்வளவு என்று பார்ப்போம்.